காது டிஃபியூஷன் படம் கோணிக்கொண்டு வருகிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

மாலை நாலரை மணி. மேசையில் ஆள் படுத்திருக்கிறார், வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், ரெக்வஸ்ட்டில் ஒரே ஒரு வரி: வலது காது, மாஸ்டாய்டு அறுவை முடிந்து பதினான்கு மாதம், கொலஸ்டியடோமா திரும்பியிருக்கிறதா? எம்ஆர்ஐ-யில் டிஃபியூஷன், அதாவது திசுவுக்குள் நீர் எவ்வளவு அசைகிறது என்று காட்டும் படம், ஓடி முடிந்து வருகிறது. மூளையின் டெம்போரல் மடலின் அடிப்பக்கம் வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி ஒரு பக்கமாக வழிந்து கிடக்கிறது, நடுக்காது இருக்க வேண்டிய இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. இது நோயா, படக்கோணலா? ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் இதற்கு முதலில் பதில் தேட வேண்டும், ஏனென்றால் நோயாளி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறிவிட்ட பிறகு ரேடியாலஜிஸ்ட் போன் போட்டுக் கேட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் சிங்கப்பூரில் எம்ஆர்ஐ ரேடியோகிராஃபர். எங்கள் அறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், இங்கேயே படித்தவர்களும் சரி, சென்னை, திருச்சியிலிருந்து வந்தவர்களும் சரி, படம் கோணினால் உடனே புரோட்டோகாலைத் திறந்து கண்ணில் பட்டதை மாற்றுவார்கள். மேட்ரிக்ஸைக் (பிக்சல் எண்ணிக்கை) குறைப்பார்கள், ஆவரேஜைக் (திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போடும் எண்ணிக்கை) கூட்டுவார்கள், நேரம் போகும், படம் அப்படியே இருக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது எனக்கு ஒரே விதிதான்: எந்தத் திசையில் கோணியிருக்கிறது, எந்தப் படத்தில் கோணியிருக்கிறது என்று பார்க்காமல் எந்த எண்ணையும் தொடுவதில்லை. அதனால் கீழே எல்லாவற்றையும் நீங்கள் திரையில் பார்க்கும் அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. காதில் ஏன் இவ்வளவு பாடு? கொலஸ்டியடோமா என்பது நடுக்காதிலோ மாஸ்டாய்டிலோ தோல் செல்கள் உதிர்த்துக் குவிக்கிற கெரட்டின் பொதி. அந்தக் கெரட்டின் பி 1000 படத்தில், அதாவது டிஃபியூஷன் கிரேடியன்ட்டைப் பலமாகப் போட்டு எடுக்கும் படத்தில், வெள்ளையாகத் தெரியும், அதை நம்பித்தான் பல காது மருத்துவர்கள் இரண்டாம் முறை காதைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். ஆனால் நடுக்காதின் குழி உயரவாக்கில் ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதைச் சுற்றிலும் காற்று, எலும்பு, காற்று, எலும்பு. காற்றுக்கும் திசுவுக்கும் காந்த ஏற்புத்திறனில் சுமார் 9 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு) வித்தியாசம். டிஃபியூஷனை வழக்கமாக எடுக்கும் ஈபிஐ என்ற வேகமான முறைக்கு உடம்பிலேயே பிடிக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

டெம்போரல் மடலின் அடியில் இழுத்த மாதிரி, ஓரத்தில் வெள்ளைக் கோடு

பத்தில் எட்டு முறை நீங்கள் பார்க்கப்போவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

முதல் வேலை, ஃபேஸ் திசை, அதாவது படத்தின் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் திசை, எது என்று பாருங்கள். அதற்குக் குறுக்கே ஓடுவது ரீட்அவுட். ஈபிஐ-யில் காந்தப்புலம் ஒழுங்கில்லாததால் வரும் விலகல் கிட்டத்தட்ட முழுக்க ஃபேஸ் திசையில்தான் நடக்கும், ரீட்அவுட் திசையில் கண்ணுக்கே தெரியாது. ஆக, ஆக்சியல் (குறுக்குவெட்டு) படத்தில் ஃபேஸ் முன்பின்னாக இருந்து, கோணலும் முன்பின்னாக இருந்தால் சரி, இது புலத்தின் கோளாறு. ஃபேஸ் முன்பின்னாக இருந்தும் கோணல் இடவலமாக இருந்தால் இது வேறு நோய், அடுத்த அறிகுறிகளுக்குப் போங்கள்.

சந்தேகமிருந்தால் ஃபேஸ் திசையின் முனையை மட்டும் புரட்டி, அதாவது முன்னிருந்து பின் என்பதைப் பின்னிருந்து முன் என்று மாற்றி, அதே ஸ்லைஸ்களைக் குறைந்த ஆவரேஜில் பி 0 (டிஃபியூஷன் கிரேடியன்ட் இல்லாதது), பி 1000 இரண்டும் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு நிமிடம் போலத்தான் ஆகும். முன்பு சிக்னல் குவிந்து வெள்ளையாக இருந்த இடம் இப்போது இழுபட்டு மங்கலாகிவிட்டால் அந்த வெள்ளை பொய். உண்மையான கெரட்டின் பொதியும் புரட்டும்போது கொஞ்சம் இடம் மாறும், ஏனென்றால் அதுவும் அதே புலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் காணாமல் போகாது. இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் வெள்ளைக் கோட்டோடு படத்தை அனுப்பினால், நடுக்காதின் கூரையில் அது கொலஸ்டியடோமா போலவே உட்கார்ந்து எல்லோரையும் ஏமாற்றும்.

இப்போது எவ்வளவு விலகும் என்ற கணக்கு. பயப்பட வேண்டாம், மூன்று எண்களைப் பெருக்கினால் போதும். விலகல் மில்லிமீட்டரில் = புல வித்தியாசம் ஹெர்ட்ஸில் × எக்கோ ஸ்பேசிங் வினாடியில் × ஃபேஸ் திசையில் எஃப்ஓவி மில்லிமீட்டரில். எக்கோ ஸ்பேசிங் என்பது அடுத்தடுத்த இரண்டு எக்கோவுக்கு நடுவிலுள்ள நேரம், எஃப்ஓவி என்பது படத்துக்குள் அடங்கும் பரப்பின் நீளம். 3 டெஸ்லாவில் 1 பிபிஎம் என்பது சுமார் 128 ஹெர்ட்ஸ். எக்கோ ஸ்பேசிங் 0.7 மில்லிவினாடி, எஃப்ஓவி 220 மிமீ என்று வையுங்கள்: 128 × 0.0007 × 220, கிட்டத்தட்ட 20 மிமீ. நடுக்காதைவிடப் பெரிய விலகல்! பேரலல் இமேஜிங் (பல காயில் சேனல்களைக் கொண்டு சில வரிகளை எடுக்காமலே படம் கட்டுவது) 2 போட்டால் எக்கோ ஸ்பேசிங் பாதியான மாதிரி, அதாவது 10 மிமீ. அதையே 1.5 டெஸ்லாவில் ஓட்டினால் 5 மிமீ.

இந்தக் கணக்கில் ஃபேஸ் மேட்ரிக்ஸ் எங்கே என்று தேடிப் பாருங்கள். இல்லை. இதைத்தான் நான் ஒவ்வொரு புதுப்பிள்ளைக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருக்கிறேன். 128-ஐ 96 ஆக்கினால் பிக்சல் கணக்கில் விலகல் குறையும், ஆனால் பிக்சல் பெரிதாகிவிடும், மில்லிமீட்டரில் அதே விலகல்தான். ரீட்அவுட் பக்கம் மேட்ரிக்ஸைக் கூட்டினாலோ எக்கோ ஸ்பேசிங் நீண்டு நிலைமை மோசமாகும். இன்டர்போலேஷன் படத்தை வழுவழுப்பாக்குமே தவிர நேராக்காது. ஆவரேஜ் கூட்டினால் அதே கோணல் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். கன்சோலில் 'டிஸ்டார்ஷன் கரெக்ஷன்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அது கிரேடியன்ட் காயில் ஓரங்களில் நேராக இல்லாததைத் திருத்துவதற்கு. காற்றால் வரும் கோணலை அது தொடக்கூடச் செய்யாது. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, எதுதான் வேலை செய்யும்? பேரலல் இமேஜிங்கை முதலில் பாருங்கள். 2 எந்தத் தலை காயிலிலும் தாங்கும். 32 சேனல் இருந்தால் 3 முயலலாம், ஆனால் தலையின் நடுவில் இரைச்சல் ஏறும், ஸ்கல் பேஸ் (மண்டையோட்டின் அடித்தளம்) உட்பகுதி பொரிந்த மாதிரி வரும். ரீட்அவுட் பேண்ட்வித்தை ஏற்றி இறக்கி எக்கோ ஸ்பேசிங் எங்கே மிகக் குறைவாக வருகிறது என்று பாருங்கள்; பேண்ட்வித் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும் என்று நினைக்காதீர்கள், ஓர் எல்லைக்கு மேல் கிரேடியன்ட் ஏறி இறங்கவே நேரம் பிடித்து மறுபடி கூடும், சில மதிப்புகளை இயந்திரமே அதிர்வுக்குப் பயந்து அனுமதிக்காது. ஃபேஸ் பக்கம் எஃப்ஓவியைச் சுருக்குவது நேரடியாகக் கணக்கில் வருகிற லாபம். சுருக்கினால் வெளியிலிருப்பது மடிந்து உள்ளே விழும் என்பதால் ஜூமிட், ஃபோகஸ் மாதிரி குறிப்பிட்ட பகுதியை மட்டும் எழுப்புகிற முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ரீட்அவுட்டைத் துண்டு துண்டாக எடுக்கும் ரிசால்வ் இருந்தால் இன்னும் நல்லது. எக்கோ ஸ்பேசிங்கே பாதியாகும், பேரலல் இமேஜிங் 2-உம் சேர்த்தால் மேலே போட்ட 3 டெஸ்லா கணக்கு 5 மிமீ பக்கம் இறங்கிவிடும், ஆனால் எத்தனை துண்டோ அத்தனை மடங்கு நேரம்.

ஃபேஸ் திசையை இடவலமாக மாற்றலாமா என்று கேட்பார்கள். ஆக்சியலில் மாற்றாதீர்கள். இரண்டு காதும் ஒரே பக்கமாகத் தள்ளப்படும், வலதையும் இடதையும் ஒப்பிடவே முடியாமல் போகும், காதுப் படத்தில் அந்த ஒப்பீடுதான் பாதி உயிர்.

ஷிம், அதாவது காந்தப்புலத்தைச் சமன்செய்வது, பற்றி ஒரு வார்த்தை. ஷிம் பெட்டி தானாக வந்து உட்காரும் இடத்தில் கழுத்தும் வெளிக்காற்றும் சேர்ந்திருக்கும். அதை இழுத்து, ஒரு காதிலிருந்து மறு காது வரை, ஸ்கல் பேஸைச் சுற்றி இறுக்கமாக வையுங்கள், தாடைக்குக் கீழே போக விடாதீர்கள். பெரிய வளைவு குறையும். ஆனால் நடுக்காதின் கூரையில் வருகிற அந்த மெல்லிய வெள்ளைக் கோடு போகாது, ஏனென்றால் ஷிம் காயில்கள் மெதுவாக மாறும் புலத்தைத்தான் சமன்செய்யும், மூன்று மில்லிமீட்டருக்குள் தாவுகிற புலத்தை அல்ல.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். நல்ல காதுதான் அதிகம் கோணும். மாஸ்டாய்டு முழுக்க நீர் கோத்த காதில் காற்றே இல்லை, படம் அழகாக வரும். அறுவையில் எலும்பைக் குடைந்து வெளியே திறந்துவிட்ட காதில் காற்று பெரிய குழியாக நிற்கும், அங்கே ஈபிஐ படுத்துவிடும். ரெக்வஸ்ட்டைப் படிக்கும்போதே எது வரப்போகிறது என்று ஊகிக்கலாம்.

இவ்வளவும் சொன்னபிறகு என் கருத்து: காது கேள்வி என்றால் சாதாரண ஈபிஐ-யோடு மல்லுக்கட்டாதீர்கள். ஈபிஐ-யில் 5 மிமீ-க்குக் குறைந்த பொதி எளிதில் தப்பிவிடும், ஈபிஐ அல்லாத முறையில், அதாவது நான்-ஈபிஐ-யில், 2, 3 மிமீ வரை பிடிக்கலாம். சீமென்ஸில் ஹேஸ்ட் டிஃபியூஷன் அல்லது பிளேடு, ஜிஇ-யில் ப்ரொபெல்லர், ஃபிலிப்ஸில் டிஎஸ்இ டிஃபியூஷன் அல்லது மல்டிவேன், பெயர்தான் வேறு. ஒவ்வொரு எக்கோவையும் 180 டிகிரி பல்ஸ் திருப்பிக் கூட்டுவதால் காற்றால் வரும் கோணல் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். உங்களிடம் 1.5-உம் 3-உம் இரண்டும் இருந்தால் காது நோயாளியை 1.5-க்கு அனுப்பச் சொல்லி முன்பதிவு கவுண்ட்டரிலேயே எழுதி ஒட்டுங்கள். புது இயந்திரம்தான் நல்லது என்று நோயாளியே அடம் பிடிப்பார், 'அங்கிள், உங்க காதுக்குப் பழசுதான் ராசி' என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒரு காதுப் பக்கம் மட்டும் கறுப்புக் குழி, ஓரம் சுழித்துக்கொண்டு

இரு பக்கமும் சமமாகக் கோணாமல் ஒரு பக்கம் மட்டும் பெரிய ஓட்டை விழுந்து அதைச் சுற்றி வெள்ளை வளையம் வந்தால், புரோட்டோகாலை மூடிவிட்டு உள்ளே போய் நோயாளியைப் பாருங்கள். உலோகம்.

ஒருமுறை ஒரு பாட்டி வந்தார். இடது காதில் சிவப்புக்கல் தோடு, திருகாணி இறுகிப்போய் அசையவில்லை. "கல்யாணத்துக்குப் போட்டது தம்பி, ஒருநாளும் கழட்டினதில்ல." வலது காதுத் தோடு எப்படியோ வந்துவிட்டது. தங்கம்தானே, காந்தம் இழுக்காது, கேள்வியும் வலது காதுக்குத்தானே என்று நான் இடது தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே தள்ளினேன். தப்பு என் மேல்தான். பி 0 படத்தில் இடது பக்கம் அரைக் கன்னத்தையே காணோம், ஷிம் கெட்டுப்போய் வலது பக்கத்தில் கொழுப்பை அடக்குவதும் பாதியில் நின்றிருந்தது. திரும்ப வெளியே எடுத்து, பக்கத்து அல்ட்ராசவுண்டு அறையிலிருந்து கொஞ்சம் ஜெல்லி கடன் வாங்கி, திருகாணியின் மரையில் விட்டு, இரண்டு நிமிடம் ஊறவைத்து, காஸ் துணியால் பிடித்துத் திருகினால் கறுப்பாக அழுக்கோடு சுழன்று வந்தது. பாட்டி அதைக் கையில் வாங்கி, டிஷ்யூவில் மடித்து, முடிச்சுப் போட்ட கைக்குட்டையில் வைத்து மருமகளிடம் கொடுத்து, "ரெண்டும் இருக்கா எண்ணிக்கோ" என்றார். மறுபடி ஓட்டினேன், ஓட்டை இல்லை.

தங்கம் காந்தத்தில் இழுபடாது என்பது உண்மைதான். ஆனால் படம் கோணுவதற்கு இழுபட வேண்டிய அவசியமில்லை. தங்கத்துக்கும் திசுவுக்கும் ஏற்புத்திறன் வித்தியாசம் சுமார் 25 பிபிஎம், காற்றுக்கும் திசுவுக்கும் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அது போக நகைத் தங்கத்தில் என்ன கலந்திருக்கிறது, திருகாணி எந்த உலோகம் என்று நமக்குத் தெரியாது, சூடாகி காது மடலைச் சுடவும் வாய்ப்புண்டு. பிளாஸ்திரி ஒட்டினால் எதுவும் சரியாகாது. தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி, கொண்டை ஊசி, முக்காட்டுப் பின், எல்லாம் வெளியே. தலையில் பூ வைத்திருந்தால் பூவையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், பூவின் கீழே ஒரு ஹேர்ப்பின் ஒளிந்திருக்கும்.

காது கேட்கும் கருவியையும் கழற்ற வேண்டும், கழற்றியபின் அவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது. அதனால் கழற்றுவதற்கு முன்பே கையைத் தட்டினால் என்ன அர்த்தம், கையில் கொடுக்கும் அழைப்புப் பந்தை அழுத்தினால் என்ன அர்த்தம் என்று பேசி முடித்துவிடுங்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றால் படத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் பாதுகாப்பு: தோலுக்கடியில் காந்தம் இருக்கிறது, மாடல் அட்டை இல்லாமல், தயாரிப்பாளர் சொன்ன நிபந்தனைகளைப் படிக்காமல், அறைக்குள்ளேயே விடக்கூடாது. பல்லில் கம்பி கட்டியிருந்தால் ஈபிஐ-யில் வாயிலிருந்து மேல்நோக்கிப் பெரிய ஓட்டை வரும், நேராக நான்-ஈபிஐ-க்குப் போங்கள். நடுக்காதில் வைக்கிற டைட்டானியம் எலும்புத்துண்டு சின்னது, நான்-ஈபிஐ-யில் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, ஆனால் அறுவைக் குறிப்பைத் தேடிப் படித்து ரேடியாலஜிஸ்டுக்கு எழுதிவையுங்கள்.

பி 0 நேராக இருக்கிறது, பி 1000 மட்டும் தள்ளி நிற்கிறது

ஏடிசி படத்தில் (பி 0, பி 1000 இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் டிஃபியூஷன் படம்) மூளையின் ஓரம் ஒரு பக்கம் வெள்ளை விளிம்பும் மறு பக்கம் கறுப்பு விளிம்புமாக வந்தால் இதுதான். காற்றின் குற்றம் இல்லை. காற்றால் வரும் கோணல் பி 0, பி 1000 இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டிஃபியூஷன் கிரேடியன்ட் பலமாக ஏறி இறங்கும்போது இயந்திரத்தின் உலோகப் பாகங்களில் எழுகிற எடி கரன்ட் படத்தை நீட்டும், சாய்க்கும், நகர்த்தும். மூன்று திசைக்கு மூன்று விதமாக. அதனால் கூட்டிய டிரேஸ் படத்தைப் பார்த்தால் வெறும் மங்கல் மாதிரி இருக்கும், ஒவ்வொரு திசைப் படத்தையும் தனித்தனியாகத் திறந்து மாறி மாறித் தட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரியும்.

அதே அறிகுறியை நோயாளி தலையை அசைத்தாலும் பார்க்கலாம். பிரிப்பது எளிது: எடி கரன்ட் என்றால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே கோணல், ஃபாண்டம் என்ற சோதனைப் பொருளை வைத்து எடுத்தாலும் அதே கோணல். அசைவு என்றால் ஒவ்வொரு முறையும் வேறு. அசைவுக்கு மருந்து, தலைக்கு இரு பக்கமும் பஞ்சுத் திண்டும் நாலு மொழியும்: அசையாதீங்க, டோன்ட் மூவ், பியே தோங், ஜாங்ஙான் கெராக். எச்சிலை விழுங்க வேண்டுமென்றால் சத்தம் நிற்கும் இடைவெளியில் விழுங்கச் சொல்லுங்கள். எடி கரன்ட்டுக்கு மருந்து, இருமுறை திருப்பும் பைபோலார் முறைக்கு மாற்றுவது. டிஇ (எக்கோ வரும் நேரம்) கொஞ்சம் நீளும், சிக்னல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அதன் பிறகும் ஃபாண்டமில் கோணினால் அது இன்ஜினியர் வேலை, உங்கள் வேலை இல்லை.

தலைக்குள் இன்னொரு தலை, அல்லது ஒரு பிறை

படத்தின் பாதி தூரம் தள்ளி மங்கலாக ஒரு இரட்டைத் தலை தெரிந்தால் அது நைக்விஸ்ட் கோஸ்ட். ஈபிஐ ஒற்றைப்படை வரியை ஒரு திசையிலும் இரட்டைப்படை வரியை எதிர்த்திசையிலும் படிக்கிறது, இரண்டும் நேரம் ஒத்துப்போகாவிட்டால் பேய் எழும். கண்ணின் நீர் பி 0-வில் மிக வெளிச்சம் என்பதால் அதன் பேய் பின்னால் சிறுமூளைப் பக்கம் விழுந்து ஸ்கல் பேஸைக் குழப்பும். ஒருமுறை அட்ஜஸ்ட்மென்ட்டைப் புதிதாக ஓட்டிவிட்டு மறுபடி எடுங்கள், அநேகமாகப் போய்விடும். ஸ்லைஸைச் சாய்வாக வைத்திருந்தால் சாய்வைக் குறைத்துப் பாருங்கள்.

பிறை வேறு. அது தலைத்தோலின் கொழுப்பு. கொழுப்பும் நீரும் 3.5 பிபிஎம் விலகி ஒலிக்கின்றன, 3 டெஸ்லாவில் 440 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். மேலே சொன்ன அதே கணக்கில் போட்டால், பேரலல் இமேஜிங் 2-ஓடு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி விழும். காதுக்குப் பின்னால் உள்ள தோலின் கொழுப்பு ஃபேஸ் திசையில் அத்தனை தூரம் நகர்ந்து எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஏடிசி-யில் கன்னங்கறேல் என்று இருக்கும், ஏனென்றால் கொழுப்பில் டிஃபியூஷன் மிகக் குறைவு, ஆகவே நோய் மாதிரியே நடிக்கும். மைய ஃப்ரீக்வென்சி தவறிக் கொழுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ஷிம், பிறகும் போகாவிட்டால் கொழுப்பை அடக்க ஃபேட்சாட்டுக்குப் பதிலாக ஸ்டிர்.

நான்-ஈபிஐ போட்டாச்சு, கோணல் இல்லை, ஆனால் ஒரே கலங்கல்

இங்கேதான் பலரும் மனம் தளர்ந்து ஈபிஐ-க்கே திரும்பிப் போகிறார்கள். போகாதீர்கள். ஹேஸ்ட் வகையில் ஒரே மூச்சில் நீண்ட எக்கோ வரிசை எடுக்கும்போது பின்னால் வருகிற எக்கோக்களில் டி2-வால் சிக்னல் தேய்ந்துபோகும், அதனால் ஃபேஸ் திசையில் படம் கசியும். பேரலல் இமேஜிங்கும் பார்ஷியல் ஃபூரியேவும் அந்த வரிசையைச் சுருக்கும். சிக்னல் இயல்பிலேயே குறைவு, அதனால் ஆவரேஜுக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், நாலைந்து நிமிடம் போகட்டும். இங்கே ஆவரேஜ் உண்மையிலேயே உதவும்.

ஸ்லைஸ் கனம் 2 அல்லது 3 மிமீ, அதற்கு மேல் வேண்டாம். 5 மிமீ ஸ்லைஸில் 3 மிமீ பொதியைத் தேடுவது வாளியில் ஒரு சொட்டுப் பாலைத் தேடுவது. கரோனல் (முகத்துக்கு இணையான வெட்டு) எடுங்கள், நடுக்காதின் கூரை ஆக்சியலைவிட அதில் நன்றாகப் பிரிந்து தெரியும், அதே ஸ்லைஸ் இடத்தை டி2 கரோனலுக்கும் காப்பி பண்ணுங்கள், இரண்டையும் மேல்வைத்துப் பார்த்தால்தான் வெள்ளைப் புள்ளி மாஸ்டாய்டில் இருக்கிறதா காது ஓட்டையில் இருக்கிறதா என்று சொல்ல முடியும். கரோனலில் ஃபேஸ் மேல்கீழாக இருந்தால் கழுத்து மடிந்து உள்ளே வரும், ஓவர்சாம்பிளிங்கோ கழுத்தில் சிக்னலை அடக்கும் ஒரு சாட் பட்டையோ போடுங்கள். 3 டெஸ்லாவில் இத்தனை 180 டிகிரி பல்ஸும் சேர்ந்து எஸ்ஏஆர் (உடம்பு உறிஞ்சும் ரேடியோ ஆற்றல்) எல்லையைத் தட்டும். இயந்திரம் தானாக டிஆரை (ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள நேரம்) நீட்டச் சொல்லும், நீட்டுங்கள், ஸ்லைஸைக் கனமாக்கி ஒப்பேற்றாதீர்கள்.

படம் நேர், கூர்மை, ஆனாலும் வெள்ளைப் புள்ளி நம்பும்படி இல்லை

இது கோணல் கிடையாது, ஆனாலும் உங்களைத்தான் கேட்பார்கள். காது ஓட்டையில் சேர்ந்த அழுக்கும் கெரட்டின்தான் பாதி, அதுவும் வெள்ளையாகத் தெரியும். ஸ்கேனுக்கு முன் காதைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டு எழுதுங்கள். சீழ் கட்டியிருந்தாலும் வெள்ளை. கொலஸ்ட்ரால் கிரானுலோமாவும் வெள்ளையாக வரலாம், ஆனால் அது டி1-இலும் வெள்ளை, கொலஸ்டியடோமா அப்படி இருக்காது, அதனால் டி1 ஒன்று எடுக்காமல் நோயாளியை இறக்காதீர்கள். நேர்மாறாக, கிளினிக்கில் அன்று காலைதான் பொதியை உறிஞ்சி எடுத்தார்கள் என்றால் உள்ளே கெரட்டினே இருக்காது, படம் சுத்தமாக வரும், நோய் மட்டும் அங்கேயே இருக்கும்.

நேற்று வரை சரியாக இருந்தது, இன்று எல்லோருக்கும் கோணுகிறது

ஒரு நோயாளிக்கு மட்டுமென்றால் நோயாளியைப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று பேருக்கு ஒரே பக்கம், ஒரே இடத்தில் சுழிப்பு வந்தால் இயந்திரத்தைப் பாருங்கள். யாராவது ஷிம் பெட்டியை நகர்த்திவிட்டு அப்படியே புரோட்டோகாலில் சேமித்துவிட்டார்களா என்பது முதல் சந்தேகம், அதில்தான் அதிகம் மாட்டுவார்கள். அதுவும் சரி என்றால் காயிலைக் கழற்றி, திண்டுகளை எடுத்து, டார்ச் அடித்துத் தேடுங்கள். எங்களுக்கு ஒரு சனிக்கிழமை காலை முழுக்க இடது காது கெட்டுக்கொண்டே இருந்தது. ஃபாண்டம் வைத்தோம், ஃபாண்டமும் இடது பக்கம் நெளிந்தது. சர்வீஸுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில், என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் கோப்பியை வெளியே வைத்துவிட்டு வந்து, தலை காயிலின் அடித்திண்டைத் தூக்கித் தடவிப் பார்த்தார். நகக்கண் அளவுக்கு முனை உடைந்த சேலைப் பின் ஒன்று, திண்டின் தையலுக்குள் குத்திக்கொண்டு கிடந்தது. முந்தைய நாள் மாலை யாரோ ஒருவருடைய தோளிலிருந்து விழுந்திருக்க வேண்டும். எடுத்துவிட்டு அதே ஃபாண்டமை மறுபடி வைத்தோம், வட்டம் வட்டமாகவே வந்தது. காலையில் எடுத்த மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று, அந்தப் போன் மூன்றையும் நான்தான் போட்டேன்.